இரவல் பூந்தொட்டிகள்

ஒரு நாள் விடியற்காலையில், தண்ணீர்ச் செம்பும் கையுமாக ஓர் ஆள் எங்கள் வீட்டு வளாகத்துக்குள் நுழைந்து, வேலியோரம் வேட்டியை மடித்துக்கொண்டு உட்காரப் போனார். நான் சமையலறை ஜன்னலில் நின்று பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். "யாரது?" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். செடிகளுக்கு நடுவே ஓட்டு வீடு ஒன்று இருப்பதையும், கொடியில் சேலை காய்வதையும் அப்போதுதான் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீக தாயி, காடுன்னு நெனச்சு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, செம்புத் தண்ணீர் சிந்தச் சிந்த ஓடினார்.

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த ஆள் காடு என்று சொன்னது எங்கள் தோட்டத்தை.

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் சிவகாசியில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியர்களாக இருந்தோம். நான் கீழ் வகுப்புகளுக்கு, அவர் மேல் வகுப்புகளுக்குப் பூகோளமும் விஞ்ஞானமும். விஸ்வநத்தம் போகிற பாதையில், ஊர் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் ஒரு மனை வாங்கி இரண்டு அறையும் சமையலறையுமாக வீடு கட்டினோம். அந்த மனை மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. மேல்பாதி சரளையும் பாறையும், கீழ்ப்பாதி கரிசல். கிணறு வெட்டியபோது தண்ணீர் சீக்கிரமே வந்துவிட்டது. கொத்தனார் ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிவிட்டு உடனே துப்பினார். உவர். குளிக்கலாம், துவைக்கலாம், சோப்பு நுரைக்காது. குடிக்க நல்ல தண்ணீர் தினமும் ஊருக்குள்ளிருந்து வர வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே. அங்கே வேலிக்கு ஊன்றிய கம்புகூடத் துளிர்க்கும். அப்பாவுக்குத் தோட்டம் என்றால் உயிர். வீட்டின் முன்னால் ரோஜா, குரோட்டன்ஸ், பிச்சி, நந்தியாவட்டை. பின்னால் வாழையும் பலாவும். கல்யாணம் பேச வந்த நாளில் அவர் என் கணவரிடம் கேட்ட ஒரே கேள்வி, "உங்க ஊருல மழை உண்டா?" என்பதுதான். "வரும், எப்பவாவது" என்று இவர் பதில் சொன்னார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

புது வீட்டுக்கு வந்த முதல் வருடம், ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஈரச் சாக்கில் சுற்றிப் பதியன்கள் கொண்டுவந்தேன். பஸ்ஸிலும் ரயிலிலும் மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தண்ணீர் தெளித்து வந்தவை அவை. எதுவும் தங்கவில்லை. கரிசலில் நட்டவை மழையில் அழுகின. வெயிலில் மண் பிளந்தபோது அந்தப் பிளவில் வேர் அறுந்து நின்றன. சரளையில் நட்டவைக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற, மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. இலை ஓரங்கள் தீயில் காட்டினாற்போலக் கருகின.

என் கணவர் ஒன்றும் நடவில்லை. நான் கேட்டால், "ஒரு மழையப் பாத்துட்டு நடுவோம். தண்ணி எங்குட்டு ஓடுதுன்னு தெரியாம எங்கன குழி வெட்ட?" என்பார். அவர் ஆமத்தூர்ப் பக்கத்துக்காரர். மானாவாரிக் காட்டில் வளர்ந்தவர். மழைக்குக் காத்திருப்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. மனையின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு, என் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிட்டு, காற்று எப்போது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார். ஐப்பசியில் முதல் மழை பெய்தபோது குடையோடு வெளியே போய், ஓடுகிற தண்ணீரின் பின்னாலேயே நடந்தார். மறுநாள் அது ஓடின வழியிலெல்லாம் சுண்ணாம்புத்தூளால் கோடு இழுத்தார்.

பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "என்ன ஸார், கபடிக்குக் கோடு போடுதீகளா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமாண்ணே, ஆளுதான் சேரல" என்றார் இவர்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை இன்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அன்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேற்கே, பாதையை ஒட்டி, கிளுவைப் போத்துகளை ஊன்றி இடையிடையே உடைமரத்து விதை போட்டு வேலி எழுப்பினார். ஆடிக் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். வீட்டுக் கூரையிலும் மேட்டிலும் விழுகிற மழைநீர் கிழக்கு மூலைக்கு ஓடியதால், அங்கே ஆழமில்லாமல் அகலமாக ஒரு பள்ளம் வெட்டினார். அதன் கரையில் நொச்சி. சரிவில் குறுக்காகக் கல் அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் ஆவாரை. தானாக முளைத்துக் கிடந்த மஞ்சணத்தியையும் வேம்பையும் வெட்ட விடவில்லை. வீட்டைச் சுற்றி நாலடிக்கு எதையும் நடாமல் சரளைக்கல் பரப்பினார். பாம்பு வந்தால் கண்ணில் பட வேண்டும் என்றார். தள்ளி ஒரு மூலையில் வெட்டியெடுத்த பாறைத் துண்டுகளைக் குவித்தார். அதற்குள் ஒரு கீரி குடியேறியது. நட்டவைக்கு முதல் கோடையில் மட்டும் குடித்தது போக மிஞ்சிய நல்ல தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினார். பிறகு அதுவும் இல்லை.

மூன்று வருடத்தில் எல்லாம் வளர்ந்துவிட்டது. என் கண்ணுக்கு அது தோட்டமாகத் தெரியவேயில்லை. முள்ளும் புதரும் கல்லுமாகக் கிடந்தது. ஆட்டுக்காரர்கள் வந்து, "இது யாரும் இல்லாத எடமா?" என்று கேட்டார்கள். கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது, எங்களோடு வேலை செய்த ஒரு டீச்சர், "உங்க வீட்டுல ஜெபக்கூட்டம் வச்சா நாங்க அருவா கொண்டுட்டு வரணுமோ?" என்று கேட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவரிடம் எரிந்து விழுந்தேன்.

அந்த வருடங்களில் மழை ஒன்றுதான் எனக்கு ஆறுதல். ஒரு ஐப்பசியில் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் வானம் கறுத்துச் சடசடவென்று கொட்டியது. ஊர் நினைவு வந்து, "பிள்ளைகளா, பாருங்க, ஆண்டவர் நமக்கு மழை தந்துட்டாரு" என்று சத்தமாகச் சொன்னேன். கைதட்டச் சொன்னேன் என்றுகூட நினைக்கிறேன். முன் வரிசையில் ஒரு சிறுமி மட்டும் தட்டவில்லை.

"உனக்கு மழை பிடிக்காதா?" என்றேன்.

"மழை பெஞ்சா சரம் காயாது டீச்சர். எங்கம்மாவுக்கு வேலை இருக்காது" என்றாள்.

வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அதுதான் நிலைமை. அந்த ஊரின் பிழைப்பே வெயிலில் இருந்தது. தீப்பெட்டியும் வெடியும் காய்வதற்கு மழை இல்லாத வானம் வேண்டும். தீபாவளி சீசன் நேரத்தில் ஒரு நாள் மழையென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. அது தெரியாமல் இத்தனை வருடம் அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்க்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அக்கா தன் வீட்டு ரோஜாக்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். "அங்க உனக்கு ஒண்ணும் முளைக்காது, இல்லியாட்டி?" என்று கேட்டாள். அப்பாவும் பக்கத்தில் இருந்தார். "ஏன் முளைக்காது? நானும் ரோஜா வச்சிருக்கேன். வாசல் நிறைய" என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை. ஞானஸ்நானத்தைச் சிவகாசியில் எங்கள் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று என் கணவர் சொல்ல, அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் வருவதாக முடிவானபோதுதான் நான் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. அதுவும் ஆடி மாதத்தில்.

என் வகுப்பில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மகள் படித்தாள். அவர்கள் பங்களா வாசலில் இருந்ததைப் போன்ற பூந்தொட்டிகள் அந்த ஊரில் வேறெங்கும் கிடையாது. ரோஜாவும் குரோட்டன்ஸும் கல்வாழையும் வரிசை வரிசையாக நிற்கும். அந்த அம்மா பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் பள்ளிக்கு வந்தபோது, எப்படித்தான் துணிந்தேனோ, கேட்டுவிட்டேன். ஒரு வாரத்துக்குப் பத்துப் பதினைந்து தொட்டி கிடைக்குமா என்று.

அந்த அம்மா, "அதுக்கென்ன டீச்சர், எடுத்துட்டுப் போங்க. எதெது வேணும்னு நீங்களே வந்து பாத்துக்கோங்க" என்றார்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் கோபப்படவில்லை. "உங்கப்பா பாக்கணும்னா என்ன இருக்கோ அதப் பாக்கட்டுமே" என்றார். நான் எழுந்துபோய், வாசலில் எத்தனை தொட்டி கொள்ளும் என்று எண்ணிப் பார்த்தேன். "சரி. எப்பப் போய் எடுக்கணும்?" என்று கேட்டார்.

கைவண்டி ஒன்றை வாடகைக்குச் சொல்லியிருந்தோம். வண்டி வந்தது, இழுக்கிற ஆள் வரவில்லை. சீசன் நேரம், எல்லா ஆளும் லோடு ஏற்றப் போய்விட்டார்கள். என் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே இழுத்தார். பங்களாவிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கடைத்தெருவைக் கடக்காமல் வழியில்லை. தொட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் கடகடவென்று சத்தம் போட்டன. எங்கள் பள்ளிப் பையன்கள் ஒரு டீக்கடை முன்னால் நின்றிருந்தார்கள். "ஏலே, ஸார் வண்டி இழுக்காரு பாருலே!" என்று ஒருவன் கத்தினான். இரண்டு பேர் ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளினார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, குடையைத் தாழ்த்திப் பிடித்து, வண்டிக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி எதிர்ச் சாரியில் நடந்தேன். அவர் ஒருமுறை திரும்பி நான் வருகிறேனா என்று பார்த்தார். நான் ஒரு துணிக்கடைக்குள் பார்வையைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "கெழக்க, வீட்டுக்குப் பின்னால வச்சிருவோம். முன்னால காத்து நிக்கவிடாது" என்றார்.

"பின்னால வச்சா யாரு பாப்பாங்க?" என்றேன்.

வேலியில் வழி விட்ட இடத்திலிருந்து வாசற்படிவரை இரு பக்கமும் வரிசையாக வைத்தேன். பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அன்று மாலை மட்டும் எனக்கு அந்த வீடு என் வீடு போல இருந்தது. நல்ல தண்ணீர் குடிக்கவே போதாததால் தொட்டிகளுக்குக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றினேன். நாலு நாளைக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாளே ரோஜா இலை ஓரங்கள் பழுத்துச் சுருண்டன. கருகின இலைகளைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன்.

அப்பா அம்மா வருகிற அன்று காலை காற்று சுழற்றியடித்தது. வேலி தடுத்த காற்றெல்லாம் வேலி விட்ட வழியில் சேர்ந்து பாய்ந்தது. நான் ஒரு தொட்டியை நிமிர்த்த, மூன்று சாய்ந்தன. சில உடைந்தன. ரோஜா இதழ்கள் பறந்துபோய் உடை முள்ளில் குத்தி நின்றன. குரோட்டன்ஸ் இலையெல்லாம் கிழிந்து தொங்கியது. அதற்குள் ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டி வந்து வாசலில் நின்றுவிட்டது. கையில் மண்ணும் தலையில் புழுதியுமாக நான் நின்றேன். அக்கா இறங்கி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

அப்பா வந்த வேகத்திலேயே கீழே கிடந்த ஒரு தொட்டியை நிமிர்த்தி வைத்தார். அவர் கைக்கு அது பழக்கம். நிமிர்த்தும்போது தொட்டியின் பக்கத்தில் நீலப் பெயிண்டில் எழுதியிருந்த இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பார்த்தார். அது அந்தக் கம்பெனியின் எழுத்து. அடுத்த தொட்டியைப் பார்த்தார். அதிலும் இருந்தது. எடுத்து வரும்போது அதை நான் கவனிக்கவே இல்லை.

"இது ஆருக்க பூச்சட்டி மக்களே?" என்று கேட்டார்.

என் கணவர்தான், "நான்தான் மாமா, எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல வாங்கியாந்தேன். விசேஷத்துக்கு வாசல் வெறிச்சுனு இருந்துச்சு" என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே உள்ளே போய்க் குழந்தையை எடுத்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா என் தலைப் புழுதியைத் தட்டிவிட்டு, மெல்ல, "இதுக்கெல்லாம் போய் இரவல் வாங்குவியாட்டி?" என்றாள்.

ஞானஸ்நானம் முடிந்து வந்தவர்களுக்கு முன்வாசலில் பாய் விரிக்க முடியவில்லை. இலை பறந்தது, சோற்றில் மண் விழுந்தது. என் கணவர் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கிழக்கே கொண்டுபோகச் சொன்னார். அங்கே மஞ்சணத்தியும் வேம்பும் நிழல் தந்தன. வேலியும் வீடும் மறைத்ததில் காற்றே இல்லை. பள்ளத்துக் கரை நொச்சியிலிருந்து வாசனை வந்தது. எல்லோரும் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். அருவா கொண்டுவரணுமா என்று கேட்ட டீச்சர் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தையல்சிட்டு ஒன்று மஞ்சணத்தி இலையை நாரால் இழுத்துத் தைத்துக் கூடு கட்டியிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள, இதுக்குத் தண்ணி விடாண்டாமா?" என்று மஞ்சணத்தியைக் காட்டிக் கேட்டார். "வேண்டாம் மாமா" என்றார் இவர். அப்பா மரத்தின் அடியைக் கையால் தொட்டுப் பார்த்தார். என்னிடம் அவர் ரோஜாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. ரயில் ஏறும்வரை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

இனி தொட்டிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாதிச் செடிகள் செத்துவிட்டன, சில தொட்டிகள் ஓடாகக் கிடந்தன. "நான் மட்டும் போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்றார் அவர். கூடாது என்றேன். இந்தத் தடவை வண்டி இழுக்க ஆள் கிடைத்தது. நான் வண்டியை ஒட்டியே கடைத்தெருவில் நடந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் உறுத்தியது.

முதலாளி வீட்டு அம்மா வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தார். நான் தயாரித்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்துபோயிற்று. "எல்லாம் போச்சும்மா. நல்ல தண்ணி ஊத்தல. காத்துல வச்சேன். என்ன சொல்றதுன்னு தெரியல" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "இங்கன வாங்க டீச்சர்" என்று பங்களாவைச் சுற்றிப் பின்பக்கம் கூட்டிப் போனார். சுவரோரம் ஒரு ஆள் உயரத்துக்கு உடைந்த தொட்டிகளும் காய்ந்த ரோஜாக் கட்டைகளும் குவிந்து கிடந்தன.

"வருசம் ஒரு லோடு பெங்களூருல இருந்து வருது. ஆடி முடியுறதுக்குள்ள எல்லாம் இங்கன வந்துரும். மறுபடி ஆர்டர் போடுவாக. நீங்க என்னமோ கொலை பண்ணுன மாதிரி நிக்கீக" என்றார்.

அப்போது பக்கவாட்டுக் கதவு வழியாக மாட்டுவண்டி ஒன்று பெரிய பீப்பாயோடு உள்ளே வந்தது. ஆனைக்குட்டம் பக்கம் ஆற்று ஊற்றில் எடுத்த தண்ணீர், செடிகளுக்காக. கதவு மூடுவதற்குள் வெளியே சந்தில் குடங்களோடு நின்ற பெண்களைப் பார்த்தேன். வண்டியின் பின்னால் சொட்டின தண்ணீர் தரையில் கோடாக விழுந்திருந்தது. ஒரு பெண் அந்த ஈரக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "வண்டி வாற நேரத்துக்கு நான் மாடிக்குப் போயிருவேன் டீச்சர். அவுக மூஞ்சியப் பாக்க முடியல. எங்க கம்பெனியில வேலை பாக்குறவகதான் அம்புட்டுப் பேரும். அவரு காதுல போட்டா, பங்களான்னா பூ இருக்கணும்ங்காரு."

அதுவரை வெட்கப்படுவது என் போன்றவர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். செத்த ரோஜாவுக்கு நான் பணம் கொடுத்துவிடுவேனோ என்று பயந்து, முறுக்கும் பழமுமாக வந்தார். கிழக்கே மரத்தடியில் உட்கார்ந்தார். பள்ளத்தில் முந்தின இரவு பெய்த மழைத் தண்ணீர் கொஞ்சம் நின்றிருந்தது. இரண்டு பெட்டை மயில்கள் வந்து குடித்துவிட்டு, எங்களைப் பொருட்படுத்தாமல் ஆவாரைக்குள் நுழைந்தன. "இது எதுக்கும் தண்ணி ஊத்தலையா ஸார்?" என்று நாலைந்து தடவை கேட்டார். கடைசியில், "எங்க வீட்டுக்கும் இப்படி ஒண்ணு போட்டுத் தருவீகளா?" என்றார்.

முதலாளி சம்மதிக்கவில்லை. "வாசல்ல முள்ளச் செடி நட்டா, ரோட்டுல போறவன் கம்பெனி நொடிச்சுப் போச்சும்பான்" என்று சொல்லிவிட்டாராம். மனைவி விடாமல் கேட்டதில், பின்பக்கம் மட்டும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றார். அங்கே என் கணவர் ஞாயிறு மாலைகளில் போய் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் செய்ததை அப்படியே செய்யவில்லை. அந்த இடத்தின் சரிவு வேறு, மண் வேறு. செவல் கலந்த மண் அது, தண்ணீரை உறிஞ்சும். மொட்டை மாடித் தண்ணீர் முழுவதையும் ஒரு வாய்க்காலில் இறக்கி, பழைய கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் ஒரு பள்ளத்தில் நிறுத்தினார். புங்கையும் பூவரசும் வைத்தார். உடைந்த தொட்டிக் குவியலை வாரி, அதை வைத்தே பள்ளத்துக் கரையைக் கட்டினார். நான் கூடப் போவேன். எங்கள் வீட்டில் நான் ஒருநாளும் மண்வெட்டி பிடித்ததில்லை, அங்கேதான் பிடித்தேன்.

முன்வாசலுக்கு மட்டும் வருடா வருடம் லாரி வந்துகொண்டுதான் இருந்தது.

ஐந்தாறு மழைக்காலம் போயிற்று. அந்தப் பின்கட்டுக் கிணறு முன்பெல்லாம் உப்பாகத்தான் இருந்ததாம். மெல்ல மெல்ல மாறி, அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம் குடிக்கிற தண்ணீராகவே ஆகிவிட்டது. பள்ளத்தில் நின்ற மழைநீர் இறங்கியதால் இருக்கும் என்றார் என் கணவர். நிச்சயமாகச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். எங்கள் கிணறு கடைசிவரை மாறவில்லை. அந்தக் கோடையில் ஊரில் தண்ணீருக்குப் பெரிய தட்டுப்பாடு. முதலாளி வீட்டு அம்மா, கணவர் வெளியூர் போயிருந்த ஒரு காலையில் பின்கதவைத் திறந்துவிட்டார். வேண்டியவர்கள் வந்து இறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார். முதலாளி திரும்பி வந்து சத்தம் போட்டதாகக் கேள்விப்பட்டேன். கதவு மூடப்படவில்லை.

நானும் குடத்தோடு போனேன். பள்ளிக்கூட டீச்சர் குடம் தூக்கித் தெருவில் போவதா என்று முதல் நாள் குடத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு நடந்தேன். சந்து நெடுக வரிசை நின்றது. அதில் என் பழைய மாணவி ஒருத்தியின் அம்மா இருந்தாள். விரல்களில் வெடிமருந்தின் கறுப்பு ஏறியிருந்தது. என்னைக் கண்டதும், "டீச்சர், இங்கன வாங்க, முன்னால வாங்க" என்று கூப்பிட்டாள். மற்றவர்களும் ஒதுங்கினார்கள். மறுக்கத் தெரியாமல் முன்னால் போய், முதல் ஆளாக இறைத்துக்கொண்டு திரும்பினேன். அத்தனை பேரையும் தாண்டி நடக்கும்போது குடத்துத் தண்ணீர் தளும்பி இடுப்பை நனைத்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். "என்ன டீச்சர், அங்கன நிக்கீக?" என்றார்கள். "பரவால்ல, என் முறைக்கு எடுத்துக்கிறேன்" என்றேன். எனக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது. ஆனால் வரிசை பாதி நகர்வதற்குள் பள்ளியின் முதல் மணி அடித்துவிட்டது. வெறும் குடத்தோடு திகைத்து நின்றேன். முதல் நாள் என்னை முன்னால் கூப்பிட்ட அந்தப் பெண் வந்து என் கையிலிருந்து குடத்தை வாங்கினாள்.

"நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போங்க டீச்சர். நான் கொண்டாந்து வச்சிருதேன்."

"உனக்கு வேலைக்கு நேரமாகாதா?"

"ஆகத்தான் செய்யும். போங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது குடம் நிறைந்து, மேலே தட்டுப் போட்டு மூடி, படியில் இருந்தது. அவள் வீடு ஊருக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது.